நமக்கு ஓட்டில்லாத தேர்தல்

ரெங்கராஜ் துபாயில் வந்து இறங்கியது அக்டோபர் மாதம். பதினைந்தே நாளில் இராக்குக்கு விமானம் ஏற்றிவிடுவோம் என்று சொல்லித்தான் கம்பெனி அவரை ஊரிலிருந்து வரவழைத்தது. பொங்கல் நெருங்கியும் அவர் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில், எட்டுக் கட்டில் போட்ட அறையில், ஏசிக்கு நேர் கீழே இருந்த கட்டிலில்தான் படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமம். இராக்கில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமின் மெஸ்ஸில் ஐந்து வருடம் சமையல் வேலை பார்த்தவர். அந்த மாதிரி முகாம்களில் சமைப்பது, துணி துவைப்பது, கழிப்பறை கழுவுவது, ஏசி பழுது பார்ப்பது எதுவும் சிப்பாய்களின் வேலை இல்லை. துபாயில் ஆபீஸ் வைத்திருக்கும் காண்ட்ராக்ட் கம்பெனிகள் இந்தியாவிலும் நேபாளத்திலும் ஆள் பிடித்து அனுப்பும். விடிவதற்குள் ஆயிரம் முட்டை உடைக்கிற கை ரெங்கராஜுக்கு. லீவில் ஊருக்குப் போன இடத்தில் மூன்று மாதம் கூடுதலாகத் தங்கிவிட்டதால், முகாமுக்குள் நுழையப் புது பேட்ஜ், புது அனுமதி என்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு வேண்டும் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவரையும் சேர்த்துப் பதினொரு பேர், எட்டுப் பேர் அந்த அறையிலும் மூன்று பேர் எதிர் அறையிலுமாக, அப்படிக் காத்துக் கிடந்தார்கள். சாப்பாடும் கட்டிலும் கம்பெனி கொடுத்தது. சம்பளம் முகாமில் டூட்டி ஏறும் நாளிலிருந்துதான். ஆபீஸுக்குப் போன் செய்தால் 'நெக்ஸ்ட் வீக்' என்பார்கள். அடுத்த வாரமும் அதே பதில். வேலை செய்து களைத்த உடம்பாவது தூங்கும். ஒன்றும் செய்யாத உடம்பு தூங்கவும் மாட்டேன் என்றது. ரெங்கராஜ் கேம்பின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு நாளைக்கு முப்பது சுற்று நடந்தார்.

ஜனவரி முதல் வாரத்தில் கம்பெனி மேனேஜரே கேம்புக்கு வந்தார். பம்பாய்க்காரர். பதினொரு பேரையும் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்து இந்தியில் பேசினார்.

பேட்ஜ் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் முகாமில் எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கை அமெரிக்காக்காரன் நிறுத்தி வைத்திருக்கிறான் என்றார். அங்கே இது தேர்தல் வருடம். பிரைமரி நடக்கிறது. நிற்பவர்களில் பாதிப்பேர் இராக்கிலிருந்து படைகளை எடுத்துவிடுவேன் என்கிறார்கள். மீதிப்பேர் எடுக்கக் கூடாது என்கிறார்கள். யார் கை ஓங்குகிறது என்று தெரியாமல் ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். "சபர் கரோ பாய், கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

அறைக்கு வந்ததும் வீரபாண்டி கேட்டான்.

"பிரைமரின்னா என்னண்ணே? ஸ்கூலா?"

வீரபாண்டி அருப்புக்கோட்டைப் பக்கம். இருபத்தாறு வயது. லாண்டரி வேலைக்கு எடுக்கப்பட்டவன். கல்யாணம் நிச்சயமான கையோடு வந்திருந்தான். அறையில் அவனுக்குப் பதில் சொல்லக்கூடியவர் பாலமுரளிதான். புதுக்கோட்டைக்காரர், டிப்ளமா படித்த ஏசி மெக்கானிக், இங்கிலீஷ் பேப்பர் படிப்பார்.

"அதிபர் தேர்தல் நவம்பர்லதான்," என்றார் பாலமுரளி. "அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்சியிலயும் யாரு நிக்கிறதுன்னு முடிவு பண்ணணும்ல. அதுக்கே மாநிலம் மாநிலமா ஓட்டுப் போடுவாங்க. அதுதான் பிரைமரி."

"கட்சிக்குள்ள சீட்டு வாங்கறதுக்கே ஜனங்ககிட்ட ஓட்டுக் கேக்கணுமா?"

"ஆமா."

"நம்ம ஊர்ல சீட்டு மேல இருந்து வரும். இவய்ங்க கீழ வந்து கேக்குறாய்ங்களா?" வீரபாண்டிக்கு அது நம்பும்படியாக இல்லை. "சரி, நம்ம விஷயம் எந்த மாநிலத்துல முடிவாகும்?"

பாலமுரளி போனில் பார்த்தார். முதலில் அயோவா. அதற்கப்புறம் நியூ ஹாம்ப்ஷயர். இரண்டிலும் இப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அயோவாவில் மக்காச்சோளமும் பன்றியும்தான் பிரதானம் என்று போட்டிருந்தது.

"மக்காச்சோளம் போடுறவன்தான் நான் இராக் போறதா வேணாமான்னு சொல்லணுமா?" என்றார் ரெங்கராஜ். சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த அறையின் நாட்கள் அமெரிக்கத் தேர்தலைச் சுற்ற ஆரம்பித்தன. வேட்பாளர்கள் மேடையேறி வாதம் செய்யும் நிகழ்ச்சி அங்கே இரவு என்றால் இங்கே விடிகாலை ஆறு மணி. எல்லோரும் பல் தேய்த்துவிட்டு, சுலைமானி டீ டம்ளரோடு பாலமுரளியின் கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். போன் ஒரு அரிசி டப்பாமேல் சாய்ந்திருக்கும். பாலமுரளி ஒவ்வொருவர் பேசுவதையும் தமிழில் சொல்லுவார்.

முதல் நாளே அவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நின்றவர்களில் ஒருவனின் பெயர் நம்ம பக்கத்துப் பெயர். முகமும் அப்படியே. இங்கிலீஷ் மட்டும் மழை மாதிரி கொட்டியது. வீரபாண்டி உடனே அவன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, 'வெள்ளை மாளிகையில் நம்ம ஆளு' என்று எழுதினான். பக்கத்து அறை ஆந்திராக்காரர்கள் கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்ன சொல்றான் நம்மாளு?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

பாலமுரளி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெளிநாட்டுல இருக்கற முகாமையெல்லாம் மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேங்கறான். முதல்ல இராக்காம்."

வீரபாண்டி போனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்தான்.

அவனுக்கு எதிரே நின்ற ஓர் அம்மாள் அந்தப் பேச்சை மறித்தார். படைகளை எடுத்தால் ஈரான் உள்ளே வந்துவிடும், ஒரு முகாமைக்கூட மூட விடமாட்டேன் என்றார். அறையில் இருந்தவர்கள் அந்த அம்மாளுக்குக் கை தட்டினார்கள். அவர் யார், அவருடைய மற்றக் கொள்கைகள் என்ன, நல்லவரா கெட்டவரா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதாகவும் இல்லை.

ரெங்கராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராக்கைப் பற்றிய பேச்சு மொத்தம் நான்கு நிமிடம் நடந்தது. ஒருவருக்குத் தொண்ணூறு விநாடி, மறுப்புச் சொல்ல முப்பது விநாடி. அப்புறம் முட்டை விலைக்கும் எல்லைச் சுவருக்கும் போய்விட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்ப அந்தப் பேச்சே வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்ணே. அங்க ஜனங்களுக்கு இது பெரிய விஷயம் இல்ல," என்றார் பாலமுரளி.

"நாலு மாசமா நாய் மாதிரி கிடக்கேன். இவனுக நாலு நிமிஷம் பேசிட்டு முட்டை விலைக்குப் போயிட்டானுக." டம்ளரைத் தரையில் வைத்தபோது பாதிச் சாயா சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

அயோவாவில் 'நம்மாளு' தோற்று, அன்றே போட்டியிலிருந்தும் விலகினான். அறையில் அதற்குச் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட்டதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் அந்த அம்மாளும் தோற்றார். ஆனால் விலகவில்லை. இன்னும் பார்ப்போம் என்றார். மேனேஜருக்குப் போன் செய்தபோது அவரும் அதையே சொன்னார், இன்னும் பார்ப்போம் என்று.

ஊரிலிருந்து ஜோதிமணி தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். மகள் அருணா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எப்ப ஏத்துறாங்களாம்?"

"அமெரிக்காவுல எலக்சன் நடக்குது. அது முடியணும்."

"அமெரிக்காவுல எலக்சன் நடந்தா உங்களுக்கு என்னங்க?"

ரெங்கராஜுக்கு எரிச்சல் வந்தது. அவளிடம் வர வேண்டிய எரிச்சல் அல்ல என்று தெரிந்தும் வந்தது. "உனக்குச் சொன்னா புரியாது," என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் ம் என்றாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாலமுரளி செய்தியைப் படித்துவிட்டு எல்லோரையும் எழுப்பினார். இராக்கில் ஒரு முகாமின் மீது ட்ரோன்கள் வந்து விழுந்திருந்தன. ரெங்கராஜ் வேலை பார்த்த அதே முகாம். சிப்பாய்கள் சிலருக்குக் காயம்.

சாயங்காலத்துக்குள் வேட்பாளர்கள் எல்லோரும் பேசிவிட்டார்கள். படைகளை எடுப்பேன் என்று சொன்னவர்கள்கூடச் சுருதியை மாற்றினார்கள். அடித்தவனுக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு சிப்பாயும் வீடு திரும்ப மாட்டான் என்றார் ஒருவர். முகாமை இரண்டு மடங்காக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

"அண்ணே, முடிஞ்சுருச்சுண்ணே," என்றான் வீரபாண்டி. அவன் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "இனி எவனும் மூடுறேன்னு சொல்ல மாட்டான். நம்மள ஏத்திருவாய்ங்க."

ரெங்கராஜுக்கும் அப்பாடா என்று இருந்தது. அவர் எழுந்து பையிலிருந்த இரண்டு சட்டைகளை மடித்து வைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது சட்டையை மடிக்கும்போதுதான் தில் பகதூர் ஞாபகத்துக்கு வந்தான்.

நேபாளத்துக்காரன். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவன். மூன்று வருடம் அவருடைய பக்கத்துப் படுக்கை. ரெங்கராஜ் வராந்தாவுக்குப் போய் அவனைக் கூப்பிட்டார். ஏழாவது முறைதான் எடுத்தான்.

நல்லாத்தான் இருக்கேன், கையில் மட்டும் தையல் போட்டிருக்கிறது என்றான். சமையல் ஸ்டோருக்குப் பின்னால் ஒன்று விழுந்தது. பதுங்கு அறைக்கு ஓடும்போது கண்ணாடி தெறித்தது. அவனோடு ஓடிய பங்களாதேஷ் பையன் ஒருவனுக்குக் காலில் பலமான அடி, எங்கேயோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், எங்கே என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

"டிவியில சிப்பாய்க பேரு மட்டும்தான் சொன்னாங்க," என்றார் ரெங்கராஜ் இந்தியில்.

"எங்க பேரு அந்த லிஸ்ட்ல வராதுல்ல, பாய்," என்றான் தில் பகதூர். பிறகு, "நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேட்டான்.

ரெங்கராஜ் சிக்னல் போனதுபோல் இரண்டு முறை ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அங்கே குண்டு விழுந்த செய்தி கேட்டுத்தான் அவர் சட்டை மடித்திருக்கிறார். அவர் பாத்திரம் போட்டால் கழுவிக் கொடுத்த கையில் கண்ணாடி ஏறியதற்கு அவருக்கு அப்பாடா என்று இருந்திருக்கிறது. இப்படி ஓர் ஆளாக அவர் எப்போது ஆனார் என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் தனியாகப் பஸ் ஏறி, நகரத்துக்குள் தேராவில் இருந்த ஆபீஸுக்குப் போனார். பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நான் ஊருக்குப் போகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார்.

மேனேஜர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "ராஜ், இப்பப் போய் இப்படிச் சொல்றியே. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஒரே நாள்ல பதினஞ்சு மாநிலம் ஓட்டுப் போடுது. அன்னைக்கே தெளிவாயிரும்."

"தெளிவானா ஏத்திருவீங்களா?"

"கோடையில கட்சி மாநாடு இருக்கு. அதுல வேட்பாளரை அறிவிக்கணும். அப்புறம் நவம்பர்."

"நவம்பர்ல?"

"ஜெயிச்சவன் ஜனவரியிலதான் நாற்காலியில உட்காருவான்." மேனேஜர் கையை விரித்தார். "இது உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. பாஸ்போர்ட் பேட்ஜ் ஃபைலோட இருக்கு. ஃபைலை இப்ப உடைச்சா உன் பேரு மறுபடி உள்ள வராது."

ரெங்கராஜ் வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தார். மேனேஜரிடம் கத்தியிருக்கலாம். எதிரில் இருந்தவர் கத்தினால் திருப்பிக் கத்தலாம், தண்ணீர் கொடுப்பவரிடம் எப்படிக் கத்துவது. அப்போது ஆபீஸிலிருந்து ஷஹீரா பின்னாலேயே வந்தாள். கீழக்கரைப் பெண். ஆட்களின் விசா, மெடிக்கல் ஃபைல்களைப் பார்க்கிறவள். கேம்பிலிருந்து யார் வந்தாலும் தமிழில் நாலு வார்த்தை பேசுவாள்.

"அண்ணே, கீழ கஃபட்டேரியாவுக்கு வாங்க. நான் டீ வாங்கத்தான் வர்றேன்," என்றாள்.

கீழே நின்றுகொண்டே சொன்னாள். "நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிராதீங்க. உங்க பதினொரு பேருக்கும் அந்த முகாம்ல இடம் இல்லன்னு டிசம்பர்லயே மெயில் வந்துருச்சு. இருக்கற ஆளை வச்சே ஓட்டிக்கறோம்னு எழுதியிருக்காங்க."

ரெங்கராஜுக்கு உடனே புரியவில்லை. "அப்ப எலக்சன்?"

"எலக்சனும் உண்மைதாண்ணே. யாரு வருவாங்கன்னு தெரியாமத்தான் அவங்க நிறுத்துனாங்க. ஆனா ஒருவேளை படையைக் கூட்டுற ஆளு வந்துட்டான்னு வைங்க, உடனே புது டெண்டர் விடுவாங்க. அப்ப எங்ககிட்ட பேட்ஜ் வேலை முடிஞ்ச ஆளு துபாயிலேயே ரெடியா இருக்காங்கன்னு காட்டுனா நம்ம கம்பெனிக்குக் கிடைக்கும். அதுக்குத்தான் உங்களை வச்சிருக்காங்க. கோடவுன்ல சரக்கு வச்ச மாதிரி."

டீக்காரர் கப்பை நீட்டினார். ஷஹீரா வாங்கிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா எங்கிட்டச் சொல்ற?"

"தினமும் போன்ல 'நெக்ஸ்ட் வீக்'னு சொல்றது யாரு? நான்தானே," என்றாள் அவள். "பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சுக்கறது இங்க சட்டப்படி தப்பு. லேபர் மினிஸ்ட்ரிக்குப் போன் பண்ணா தமிழ் பேசறவங்களே கிடைப்பாங்க. கூட்டமாப் போய்க் கத்தாதீங்க. ஆளுக்கொரு புகார் குடுங்க."

அன்று சாயங்காலம் அறையில் அவர் விஷயத்தைச் சொன்னார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. பாலமுரளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலை ஆறு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்து மொழிபெயர்த்தவர் அவர். வீரபாண்டிதான் நம்ப மறுத்தான்.

"எவனோ வேணும்னே கிளப்பி விட்டிருக்கான்ணே. மேனேஜர் பொய் சொல்ல என்ன இருக்கு? டிவியிலயே வருதுல்ல எல்லாம்."

"டிவியில வர்றது பொய்னு நான் சொல்லலடா. அவன் எவன் வேணாலும் வரட்டும். அதுவரைக்கும் நாம ஏன் இங்க கிடக்கணும்?"

"வேற எங்க போறது? ஊருக்குப் போய் என்ன சொல்றது? பொண்ணு வீட்டுல இராக்ல அமெரிக்கன் கேம்புன்னு சொல்லித்தான் பூ வச்சிருக்கு." வீரபாண்டியின் குரல் உயர்ந்தது. "நீங்க அஞ்சு வருஷம் அங்க இருந்துட்டீங்க. சம்பாதிச்சுட்டீங்க. இப்ப நீங்க புகார் குடுத்தா எங்க பேரையும் சேத்து அடிச்சுருவாய்ங்க. உங்களுக்கு என்ன."

ரெங்கராஜ் அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். பாலமுரளி நடுவில் வந்து பிடித்தார். ஓங்கிய கை இறங்கியதும் ரெங்கராஜுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வெளியே போய்ச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.

மறுநாள் ஐந்து பேர் புகார் கொடுத்தார்கள். ஆறு பேர் கொடுக்கவில்லை. மினிஸ்ட்ரியில் போனை எடுத்தவர் திருச்சிக்காரர். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்து நாளில் கம்பெனிக்கு அழைப்புப் போயிற்று. மேனேஜர் கேம்புக்கு வந்து ஐந்து பாஸ்போர்ட்டுகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். இந்தத் தடவை பிரியாணி இல்லை.

"உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன், ராஜ்?" என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம் போலத்தான் இருந்தது. ரெங்கராஜ் கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். அதில் அவர் போட்டோ அவருக்கே பழையதாகத் தெரிந்தது.

ஊருக்குப் போகத்தான் நினைத்தார். ஜோதிமணியும் வந்துவிடுங்கள் என்றாள். ஆனால் அருணாவுக்குக் கல்லூரி வருகிறது. பாலமுரளிக்குத் துபாய்க்கு மேற்கே ருவைஸில் ஏசி வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு கேன்டீனுக்குச் சமையல்காரர் தேவை என்று அவர் சொல்லிவிட்டதால் ரெங்கராஜும் விசா மாற்றிக்கொண்டு போனார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களுக்கான கேன்டீன். சோறு, சாம்பார், சப்பாத்தி, மீன் குழம்பு. சம்பளம் முகாமில் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பதினைந்து மாநிலம் ஓட்டுப் போட்ட செவ்வாய்க்கிழமை அவர் ருவைஸில் முதல் நாள் டூட்டியில் இருந்தார். என்ன முடிவு வந்தது என்று அவரும் கேட்கவில்லை, பாலமுரளியும் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் வீரபாண்டி கூப்பிட்டான். அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் பேசுவது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, நான் இராக்ல இருந்து பேசுறேன்."

ரெங்கராஜ் அடுப்பைச் சிறிதாக வைத்தார். "எப்பப் போன?"

"வந்து மூணு வாரம் ஆச்சு. இங்க லாண்டரியில நாலு பேரு கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாய்ங்க. அந்த இடத்துக்கு எங்கள்ல நாலு பேர எடுத்தாய்ங்க. எலக்சனுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லண்ணே. சும்மா, ஆளு போச்சு, ஆளு வேணும்."

"மத்த ரெண்டு பேரு?"

"இன்னும் கேம்ப்லதான் இருக்காய்ங்க."

அவன் சொன்னதில் இருந்த சின்னப் பெருமை ரெங்கராஜுக்குக் கேட்டது. நான் பொறுத்திருந்தேன், எனக்குக் கிடைத்தது என்கிற மாதிரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. "பத்திரமா இருடா. சைரன் அடிச்சா துணியப் போட்டுட்டு ஓடு. எடுத்துட்டு ஓடாத," என்றார். தில் பகதூரைப் பற்றிக் கேட்டார். கை ஆறிவிட்டது, மெஸ்ஸில்தான் இருக்கிறான் என்றான். அந்த பங்களாதேஷ் பையனைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம்," என்றான் வீரபாண்டி. "இங்க ஒரு சோல்ஜர் தினமும் துணி போட வருவான். சின்னப் பையன். எந்த ஊருன்னு கேட்டேன். அயோவாங்கறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பிரைமரியில யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அவன் போடவே இல்லையாம். எந்தத் தேதியில நடந்துச்சுன்னே தெரியாதாம். இங்க இருந்து எப்படிப் போடறதுன்னும் கேக்கலையாம். தம்பி, ஒங்க கேம்ப மூடறதா வேணாமான்னுதானேடா அங்க பேசுனாய்ங்கன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு, துணி எப்ப ரெடியாகும்கறான்."

வீரபாண்டி சிரித்தான். ரெங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கோபம் எழுந்து வந்தது. யார்மேல் என்று பிடிபடவில்லை. குண்டு விழும் இடத்தில் படுத்திருக்கும் அந்தப் பையன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது. அவனும் எவனோ அனுப்பி வந்தவன்தான். ஆனால் அவனிடம் ஓட்டு இருந்தது. பதினொரு பேர் விடிகாலையில் எழுந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அவர்களில் ஒருவனிடம்கூட அது இல்லை.

"அவன் நவம்பர்லயாவது போடுவானான்னு கேளு," என்றார்.

"கேட்டுச் சொல்றேண்ணே."

"சொல்ல வேணாம். அவனைப் போடச் சொல்லு. அது போதும்."

போனை வைத்தபோது கேன்டீன் பின்வாசலில் காய்கறி வண்டி வந்து நின்றது. பாகிஸ்தான்காரர் ஒருவர் வெங்காய மூட்டைகளை இறக்கி வைத்தார். ரெங்கராஜ் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். மேலே நான்கைந்து அழுகியிருந்தன. அவர் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். பார்க்காமல் ஏற்றுவீர்களா, எவனுக்கோ போகிறது என்றால் எதை வேண்டுமானாலும் அனுப்புவீர்களா, தின்கிறவனைப் பற்றி ஒரு நிமிடமாவது நினைத்தீர்களா என்று இந்தியில் கத்தினார். ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வண்டிக்காரர் குனிந்து அழுகியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டார். மூட்டையில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "நான் ஓட்டுறது மட்டும்தான், உஸ்தாத். ஏத்துறது வேற ஆளு," என்றார்.

ரெங்கராஜ் பிரித்த மூட்டையைத் திரும்பக் கட்டி ஓரமாக வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு எடுத்து வந்து, வண்டியின் பின்பலகையில் அவருக்கு முன்னால் வைத்தார்.